மலையேறி வந்த எல்லோருக்கும் எங்கள் நான்கு வீடுகளின் நன்றி

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். காவலர் வீரவணக்க நாளான அக்டோபர் 21-க்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, இறந்த எங்கள் வீட்டாரை நினைவுகூர்ந்து நிதி திரட்டும் பயணமாக, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்கு எங்களுக்காக வண்டியோட்டி வந்தீர்கள். பணியிலிருந்தபோது உயிரிழந்த காவலர்களின் வீடுகள் நான்கு. அந்த நான்கு வீட்டாரும் சேர்ந்து இந்த மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் ஒரு தலைமைக் காவலரின் மூத்த மகள். அன்று கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் வண்டியை ஓடவைத்த மெக்கானிக் அண்ணனுக்கு.

அப்பாவின் ஸ்பிளெண்டர் நான்கு ஆண்டுகளாக வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நெடுஞ்சாலை ரோந்துப் பணியில் இருந்தபோது, கவிழ்ந்து கிடந்த ஒரு காரிலிருந்து ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார் அப்பா. பின்னால் வந்த லாரி அவர்மீது மோதிவிட்டது. அன்று இரவு அவர் காவல் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போன வண்டியை, மூன்றாம் நாள் அவருடைய நண்பர் ஒருவர் கொண்டுவந்து விட்டுச் சென்றார். அதன்பின் அதன் சாவியை யாரும் தொடவில்லை. விற்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இந்தப் பயணம் பற்றிப் பேச வந்த அண்ணன் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "இந்த வண்டியும் வரட்டுமே" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே தார்ப்பாயை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மாப்பேட்டைப் பட்டறைக்குப் போனோம். டேங்க் முழுக்கத் துரு. கார்புரேட்டர் அடைத்துப்போயிருந்தது. பேட்டரி செத்திருந்தது. பிரேக் ஷூ, கிளட்ச் வயர், செயின், இரண்டு டயர்கள் என எல்லாமே மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் அண்ணன் மூன்று இரவுகள் கடையடைத்த பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தார். உதிரிப் பாகங்களுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. ஒன்றை மட்டும் அவர் மாற்றவில்லை. இருக்கையின் உறையில் வலப்பக்கம் ஒரு கிழிசல் உண்டு. அப்பாவின் லத்தி உரசி உரசிக் கிழிந்தது அது. "இது இருக்கட்டும்மா" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை. அண்ணா, அந்தக் கிழிசலுக்காகத்தான் அம்மா உங்களை நாளுக்கொருமுறை நினைக்கிறார்.

இனி, என் மனத்தில் பெரிதாக நிற்கும் செய்தி.

காவலர் இறந்தார் என்றால் ஊருக்கு நினைவு வருவது சில மரணங்கள்தாம். 2021 நவம்பர் 21 அதிகாலையில், ஆடு திருடியவர்களை இருசக்கர வாகனத்தில் விரட்டிச் சென்ற திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். தமிழ்நாடே அவருக்காகக் கலங்கியது. கலங்கத்தான் வேண்டும். எங்கள் அம்மாவும் அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஆனால் எங்கள் நான்கு வீடுகளின் மரணங்களில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒருவர் என் அப்பா. இன்னொருவர் திருவிழாப் பாதுகாப்புப் பணியில் பதினெட்டு மணி நேரம் நின்றுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை, மாரடைப்பு. மூன்றாமவர் திருமணமாகாத இளைஞர், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இறங்கிய இடத்தில் போய்விட்டார். நான்காமவர் ஒரு பெண் காவலர். இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் வழியில் விபத்து. அவருடைய கணவரும் ஏழு வயது மகளும் இருக்கிறார்கள்.

மாரடைப்பில் கணவரை இழந்த அக்கா முதலில் வர மறுத்தார். "என் வீட்டுக்காரர் யாரோடு சண்டை போட்டு உயிரை விட்டார்? மற்றவர்களுக்கு நடுவில் என்னையும் உட்காரவைத்தால் நான்கு பேர் கேட்க மாட்டார்களா?" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்மையிலேயே இருந்திருக்கிறார்கள். அதனால்தான் அவர் மனத்தில் அது தைத்திருக்கிறது. பயணத்தை முன்னின்று நடத்திய ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர் ஐயா, அந்த அக்காவின் வீட்டுக்கு மூன்று முறை போனார். மூன்றாம் முறை அவர் சொன்னது இதுதான்: "காக்கி உடுத்து வாசற்படி இறங்கியவர் திரும்பி வரவில்லை. எனக்கு அது போதும்மா. அதற்குமேல் யார் விளக்கம் கேட்டாலும் என்னிடம் அனுப்பு."

ஐயா, உங்களுக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? நீங்கள் அச்சகத்தில் சொல்லி அடித்த ஒட்டுத்தாளில் நான்கு பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இருந்தன. பதவியும் இல்லை, இறந்த விதமும் இல்லை. எண்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளின் முகப்பில் அந்த நான்கு பெயர்கள் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி வந்ததை அந்த அக்கா வேனின் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கோரிமேடு தாண்டும்வரை அவர் தலையைத் திருப்பவில்லை.

வண்டியோட்டி வந்தவர்களில் யாரைச் சொல்வது, யாரை விடுவது! செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் அன்று பட்டறையை மூடிவிட்டுத் தன் ஆறு தொழிலாளர்களோடு வந்தார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள் ஒன்பது பேர், ஞாயிறு என்றால் அவர்களுக்கு வருமானம் கூடுதல், அதை விட்டுவிட்டு வந்தார்கள். உருக்காலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் தன் பழைய புல்லட்டில், பின்னால் மனைவியை அமர்த்திக்கொண்டு வந்தார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்த காய்கறிக்கார அண்ணன் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக்காட்டினார். அவர் பின்தங்கிவிடக் கூடாது என்று வரிசை முழுவதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அடிவாரத்தில் கிளம்புமுன் ஒவ்வொருவருடைய தலைக்கவசத்தையும் சோதித்த தம்பிகளுக்கும் நன்றி. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாதவர்களுக்கு மாற்றுக் கவசம் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. இரண்டாவது கியரிலேயே ஏறுங்கள், வளைவில் முந்தாதீர்கள், இறங்கும்போது ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள், இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் விடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னீர்கள். எங்கள் பெயரால் நடக்கும் பயணத்தில் இன்னொரு வீட்டில் அழுகுரல் கேட்கக் கூடாது என்பதில் நீங்கள் காட்டிய கவனத்தைவிடப் பெரிய மரியாதை இல்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அக்டோபர் மாதத்தில் மலையேறுவதென்றாலே அம்மாவுக்குப் பயம். முந்தைய நாள் மாலை சாலைப் பணியாளர்கள் வளைவுகளில் கிடந்த சரளையையும் இலைச் சருகையும் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். அவர்களை யாரும் கூட்டத்தில் அழைத்துச் சால்வை போர்த்தவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: உங்கள் துடைப்பத்துக்கு எங்கள் வணக்கம்.

அப்படியிருந்தும் 60 அடி பாலத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் அப்பாவின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன், பின்னால் அம்மா. அவரிடம் ஒரு பருத்திச் சேலையும் மெல்லிய ஸ்வெட்டரும்தான். எங்களுக்குப் பக்கத்தில் வந்த ஒரு தம்பி கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, தன் நீலநிற மழைச்சட்டையைக் கழற்றி அம்மாவின் மேல் போட்டு, பொத்தானையும் தானே மாட்டிவிட்டான். பெயர்கூடச் சொல்லவில்லை. மேலே போய்ச் சேரும்வரை அவன் சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்ததை நான் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தேன்.

ஒரு வளைவில் தம்பி ஒருவனுடைய வண்டி வழுக்கி விழுந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் வந்த செவிலியர் அக்கா மழையிலேயே மண்டியிட்டுக் கட்டுப்போட்டார். வரிசையின் கடைசியில் வந்த 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், "எங்களுக்கு வேலை வைக்காமல் போங்கள்" என்று சிரித்துக்கொண்டே அவனை எழுப்பினார்கள்.

ஒண்டிக்கடை அருகே தோட்டத் தொழிலாளர்களான அக்காமார்கள் பெரிய பாத்திரத்தில் காப்பி வைத்திருந்தார்கள். ஏற்காட்டுத் தோட்டத்தில் விளைந்த கொட்டையில் போட்ட காப்பி. குளிரில் கைகள் விறைத்திருந்த எங்களுக்கு அந்தத் தம்ளரின் சூடே ஒரு உபசாரம். அங்கேதான் உதவி ஆய்வாளர் ஐயா இளைஞர்களிடம் அக்டோபர் 21 என்பது என்ன நாள் என்று சொன்னார். 1959-இல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமற்போன தோழர்களைத் தேடி, காவல் அதிகாரி கரம் சிங் தலைமையில் சென்ற காவலர்களில் பத்துப் பேரைச் சீனப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். "நாம் நிற்பது ஏறத்தாழ ஐயாயிரம் அடி. அவர்கள் நின்றது பதினைந்தாயிரம் அடிக்கு மேல். உடல்கள் திரும்பக் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது" என்றார். வெள்ளத்தில் மகனை இழந்த அந்த அப்பா, அதுவரை யாரிடமும் பேசாதவர், "எங்களுக்கு நான்காம் நாள் கிடைத்தான்" என்றார். பக்கத்திலிருந்த கொலுசுப் பட்டறைத் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. அந்தத் தம்பிக்கும் நன்றி.

அடுத்து, பலர் கண்ணில் படாத ஒரு மேசை. பெயர்கள் வாசிக்கப்பட்ட கூடத்தின் ஒரு மூலையில் வழக்கறிஞர் அக்கா ஒருவரும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரும் படிவங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்த தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு இணைப்பு, ஒரு கையெழுத்து. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தாள்களின் கனம் தாங்க முடியாதது. நான் அதை நேரில் அறிந்தவள்.

மாரடைப்பில் கணவரை இழந்த அக்காவிடம் ஓர் அலுவலகத்தில், "பையன் படித்து முடிக்கட்டும், அப்புறம் வேலைக்கு எழுதிப் போடலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் நம்பிக் காத்திருந்தார். கருணை அடிப்படையிலான வேலைக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்தபோது அவருக்கு இரண்டு ஆண்டு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. ஓய்வுபெற்ற ஐயா தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பெயரிலேயே போடுவோம்" என்று அங்கேயே எழுதத் தொடங்கினார். மறுநாள் திங்கட்கிழமை வழக்கறிஞர் அக்கா கூடவே போய் விண்ணப்பத்தைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையும் வாங்கித் தந்தார். அந்த அக்கா அதை நெகிழி உறையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கணவரையோ மனைவியையோ மகனையோ இழந்த காவலர் வீடு எதுவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்த மூன்றாண்டுக் கெடுவை அவர்களிடம் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி. திரட்டிய தொகை நான்காகப் பகிர்ந்து நான்கு குடும்பங்களின் வங்கிக் கணக்கிலும் சேர்ந்துவிட்டது. தொகை எவ்வளவு என்று நான் இங்கே எழுதவில்லை. இது நாங்கள் நால்வரும் கேட்டுக்கொண்டது. ஒரு வீட்டில் இறப்புப் பணம் வந்தது என்று தெரிந்தால் கடன் கேட்டு வாசலில் நிற்பவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். மறுக்கவும் முடியாமல், கொடுத்தால் திரும்பப் பெறவும் முடியாமல் தவித்திருக்கிறோம். கொடுத்தவர்கள் எவரும் வரவு செலவுக் குறிப்பேட்டை அம்மாப்பேட்டைப் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஐம்பது ரூபாய்க்கும் பெயர் இருக்கிறது. அப்பாவோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த காவலர்கள் தங்களுக்குள் திரட்டிக் கொடுத்ததும் அதில் இருக்கிறது. சித்தப்பாமார்களே, உங்கள் சம்பளத்தில் எது எஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் காவலரின் மகள் எழுதச் சொன்னது ஒன்று. கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர்ப் பாதையில் இறங்கும்போது அவள் ஒரு போக்குவரத்துக் காவலர் அக்காவின் வண்டியில் அமர்ந்து வந்தாள். சீருடையில் இருந்த அந்த அக்காவின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு, முகத்தை முதுகில் புதைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை அப்படியே வந்திருக்கிறாள். "அந்தப் போலீஸ் அத்தைக்குத் தாங்க்ஸ் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டேன், கண்ணே.

அஸ்தம்பட்டியில் முடிக்கும்போது இருட்டிவிட்டது. தள்ளுவண்டிக்கார அண்ணன் எல்லோருக்கும் தட்டுவடை செட் போட்டுக் கொடுத்தார். கை ஓயவே இல்லை அவருக்கு. நான்கு வீட்டுப் பிள்ளைகளிடமும் அவர் காசு வாங்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீலநிற மழைச்சட்டை கொடுத்த தம்பி, கூட்டத்தில் உன்னைத் தேடினோம், நீ போய்விட்டாய். சட்டையைத் துவைத்து, தையல் விட்டிருந்த தோளை அம்மா தைத்து, மடித்து வைத்திருக்கிறார். பட்டறையில் கேட்டால் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்துக்கு வா.

அன்புடன்,
நான்கு வீட்டார் சார்பில்,
தலைமைக் காவலரின் மூத்த மகள்,
சேலம்.