நாயகனை ஐந்தாம் அத்தியாயத்திலேயே விடுதலை செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காதல் மர்ம நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையில், எழுதுகிறவர் தன் பாத்திரங்கள்மேல் பாசம் வைத்துவிடுவதால்தான் இந்தக் கதைகள் பாதியில் தொய்ந்துபோகின்றன என்று எழுதியிருந்தார்கள். தொய்வு உண்மைதான், சொன்ன காரணம் பாதிதான் சரி. நாயகிக்கு என்ன ஆகுமோ என்று எழுதுகிறவருக்கே பதைக்காவிட்டால் வாசகருக்கு எங்கிருந்து பதைக்கும்? அந்தப் பாசம் கதையைத் திட்டமிடும்போது வந்தால் நல்லது. எழுத உட்கார்ந்த பிறகு வந்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் சலுகை கேட்கும்போதுதான் கதை கெடுகிறது. அந்தச் சலுகைகள் எந்தெந்த இடத்தில் நுழைகின்றன என்று காவிரிப் பாசனப் பகுதியின் உதாரணங்களோடு சொல்லலாம் என்றே இந்தக் கடிதம்.

முதல் சலுகை எப்போதும் நாயகனுக்குத்தான். 'இவனை நம்பலாமா, கூடாதா' என்ற கேள்விதான் காதலையும் மர்மத்தையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது. எழுதுகிறவருக்கோ அவன் நல்லவன் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அவன்மேல் பழி விழுவது பொறுக்காமல் ஐந்தாம் அத்தியாயத்திலேயே ஒரு கடிதமோ ஒரு சாட்சியோ வந்து அவனைக் காப்பாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு மிச்சமிருப்பது ஒரு காதல் கதை, பக்கத்தில் தனியாக ஒரு போலீஸ் கதை. 40,000 சொல், 24 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், 18ஆம் அத்தியாயத்துக்கு முன் அந்தச் சந்தேகம் முழுசாகத் தீரக் கூடாது. அவனுக்கு எதிராகக் குறைந்தது இரண்டு தடயம் வேண்டும். இரண்டுக்கும் குற்றமற்ற விளக்கம் இருக்கலாம்; ஆனால் ஒரு பொய்யையாவது அவன் நிஜமாகவே சொல்லியிருக்க வேண்டும். 'அவள்தான் தப்பாகப் புரிந்துகொண்டாள்' என்று முடித்தால் அத்தனை அத்தியாயமும் ஏமாற்றப்பட்டதாகவே வாசகர் நினைப்பார்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. கோயில் திருமேனிகளைப் பதிவு செய்ய வந்த நாயகி, மன்னார்குடி பக்கத்துக் கிராமக் கோயிலில் இருக்கும் அம்மன் பழைய சிலை இல்லை, சமீபத்தில் வார்த்தது என்று கண்டுபிடிக்கிறாள். அவள் மனம் போயிருப்பதோ சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஓர் இளம் ஸ்தபதியிடம். இங்கே தொழில் விவரம் தெரிந்தவருக்குக் கதை தானாகக் கிடைக்கும். சுவாமிமலை முறையில் மெழுகும் குங்கிலியப் பிசினும் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே கனமாக மண் அப்பி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். கூடு உடைந்துபோவதால் ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. ஆகவே போலியைச் செய்தவர் அசலின் முன்னால் உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறார். ஓலையை மடித்து முகம், கழுத்து, மார்பு என்று அளவுக்குறி போட்டுக்கொள்ள நேரம் பிடிக்கும். அத்தனை நேரம் உள்ளே இருக்க யாரோ சாவி கொடுத்திருக்க வேண்டும். குருக்கள், கோயிலுக்குக் காவல் இருக்கும் மெய்க்காவலர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் தக்கார், ஸ்தபதி என்று சந்தேகத்துக்குரிய நான்கு பேர் இந்த ஒரு விவரத்திலேயே வந்து நின்றுவிடுகிறார்கள்.

இனி அந்தப் பொய். 'அந்தக் கோயில் பக்கமே நான் போனதில்லை' என்கிறான் அவன். பட்டறைப் பரணில் அதே அம்மனின் அளவு ஓலை அவள் கையில் கிடைக்கிறது. அளவெடுத்தது இறந்துபோன அவன் அப்பா. கூடமாட இருந்தவன் இவன். அப்பா பெயர் கெடக் கூடாது என்று மறைக்கிறான். பொய் பொய்தான், ஆனால் மன்னிக்கக் கூடியது, அதுவும் உடனே மன்னிக்க முடியாதது. எழுதுகிறவரின் பாசம் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்: அவனைக் காப்பாற்றுகிற ஆதாரமாக வராமல், அவன் பொய் சொல்லத் தேவையான நல்ல காரணமாக வர வேண்டும்.

பாசம் முற்றினால் இதே ஸ்தபதி கடைசி அத்தியாயத்தில் ஆறு பேரை அடித்துப்போட்டு, மூன்றடிச் சிலையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் ஓடுவான். உள்ளே கெட்டியாக வார்த்த சிலை ஒற்றை ஆள் தூக்கிக்கொண்டு ஓடுகிற எடை இல்லை. உண்மை வழக்குகள் இதைவிடச் சுவாரசியமானவை. 1976இல் பத்தூரில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த நடராசர், லண்டன் வரை போய், அங்கே நீதிமன்றம் ஏறி, 1991இல்தான் திரும்பினார். வேறு பல சிலைகளை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் பழைய புகைப்படங்கள். நாயகி ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போலிச் சிலைக்குப் பக்கத்தில் வைத்து விரல் நுனி மழுங்கலை ஒப்பிடுகிற காட்சி, எந்தச் சண்டைக்கும் குறைந்ததில்லை.

அடுத்தது பார்வைக் கோணம். காதலித்து எழுதுகிறவருக்கு நாயகன் மனசுக்குள் ஒரு நடை போய்வர ஆசை வரும். அவனுக்குத் தெரிந்ததை வாசகரிடம் மறைத்துவிட்டு, அவன் மனசில் மழையையும் நிலவையும் மட்டும் காட்டினால் அது ஏமாற்று. ரகசியம் வைத்திருக்கும் ஆளின் மனசுக்குள் போகவே போகாதீர்கள். அவள் கண் பார்த்தது, காது கேட்டது, அவ்வளவு போதும். இதற்கு உதவ ஒரு நீளமான கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளலாம்: உண்மையில் நடந்தது நாள், மணி வாரியாக ஒரு பத்தி, நாயகிக்குத் தெரிந்தது ஒரு பத்தி, வாசகருக்குத் தெரிந்தது ஒரு பத்தி. முதல் பத்தியை வில்லன் பக்கத்திலிருந்து முழுசாக எழுதி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் மற்ற இரண்டு பத்திகளிலும் புதிதாக ஒரு வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால், அந்த அத்தியாயத்தில் இரண்டு பேரும் டபரா காபியை ஆற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த மாதிரி அத்தியாயம் எழுத மிகவும் இனிக்கும். எடுத்துவிட வேண்டியதும் அதுதான்.

நாயகிக்குக் கிடைக்கும் சலுகை வேறு விதம். அவள் தவறே செய்ய மாட்டாள். செய்தாலும் அதிகமாக நல்லவளாக இருந்தது மட்டுமே தவறாக இருக்கும். அடிபட்டால் அடுத்த அத்தியாயத்தில் தழும்புகூட இருக்காது. தலையில் அடி வாங்கி அரை மணி நேரம் நினைவில்லாமல் கிடந்தவள் எழுந்து பைக் ஓட்டுகிறாள்; நிஜத்தில் அவ்வளவு நேரம் நினைவு தப்பினால் அது மூளைக் காயம், ஸ்கேன் எடுத்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியது. குளோரோபார்ம் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் சரிவது சினிமா வழக்கம். அது வேலை செய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதற்குள் அவள் கத்தியிருப்பாள். இன்னொரு பழக்கம்: கொல்ல மனசு வராத பாத்திரத்தைக் கோமாவில் படுக்கவைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் கண் திறக்கச் செய்வது. இதற்குப் பேசாமல் அவரை வெளியூருக்கு அனுப்பிவிடலாம்.

வில்லனிடமும் இந்தப் பாசம் மறைமுகமாகத் தெரியும். நாயகி பிழைக்க வேண்டும் என்பதற்காக அவன் முட்டாளாகிவிடுகிறான். கட்டிப்போட்டுவிட்டு மூன்று பக்கம் பேசுகிறான். வெளிப்படுவதற்கு முன்பே நான்கு காட்சிகளிலாவது அவன் மேடையில் இருக்க வேண்டும், அதில் ஒன்று முதல் ஆறு அத்தியாயத்துக்குள். ஒரு தடவையாவது அவன் நாயகிக்கு உண்மையான உதவி செய்திருக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு வசதி உண்டு. முறைப்பையன் என்றால் வீடே அவனுக்காகப் பேசும். 'எங்க அக்கா மவன் அப்படிச் செய்வானா?' என்று அத்தை கேட்டால் அதற்கு மேல் ஒரு கேள்வி எழாது. சென்னையிலிருந்து வந்தவன்மேலோ பஸ் விட்டு இறங்கும்போதே சந்தேகம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நாயகியை நிறுத்தினால் பாதி மர்மம் உறவுமுறையிலேயே கிடைத்துவிடும்.

ஊரின் மேல் வைக்கும் பாசமும் கதையைக் கெடுக்கும். டெல்டா என்றாலே கரைபுரளும் காவிரி என்று எழுதிவிடுகிறார்கள். மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறக்கும் தேதி இருப்பைப் பொறுத்து முன்னும் பின்னும் போகும்: 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28. ஆக, 2024 ஜூன் மாதக் கதையில் கும்பகோணத்துப் படித்துறையில் காதலர்கள் கால் நனைக்க முடியாது, பிணமும் மிதந்து வராது. எதிரே இருப்பது மணல்.

அந்த மணலைக் கதைக்குப் பயன்படுத்துங்கள். கோடையில் அரசலாற்றுப் பாலத்துக்கு அடியில் வில்லன் எதையோ புதைத்திருக்கிறான். அணை திறப்பு அறிவிப்பு வருகிறது. தேதி ஊருக்கே தெரியும். மேட்டூர்த் தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்துவிடுவார்கள். அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால். பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடைக்கு இன்னும் பல நாள். புதைத்ததை நாயகி எடுக்க வேண்டிய கெடுவை இப்படி அரசாங்கமே போட்டுக் கொடுக்கிறது. நாயகனும் அதே ராத்திரி அதே பாலத்தடியில் நிற்கிறான் என்றால் அவன் எதற்கு வந்தான்? மதகு ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒரு நல்ல சாட்சி. முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப் பாசனக் காலத்தில் எந்த ராத்திரி எந்த வாய்க்காலில் தண்ணீர் போனது என்பது அவருக்கு அத்துப்படி. அறுவடைக் காலத்தில், அரசாங்கம் நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்துப் பக்கம் ரகசியச் சந்திப்பு வைக்காதீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கவும், 40 கிலோ மூட்டை பிடிக்கவும் காத்துக்கொண்டு, நெல் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயில் ஊரே படுத்திருக்கும்.

போலீஸ் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 302 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103; அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய 302தான். பெண்ணை விசேஷ காரணமும் மாஜிஸ்திரேட் முன் அனுமதியும் இல்லாமல் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கைது செய்யக் கூடாது; ஆக அந்த நள்ளிரவுக் கைதுக் காட்சியை விடியலுக்குத் தள்ளுங்கள், ஒரு ராத்திரி முழுவதும் காதலர்களுக்குப் பேசக் கிடைக்கும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. காலையில் ஓடிப்போய் மதியம் அந்தச் சட்டப்படி கல்யாணம் முடியாது. அந்த நோட்டீஸ் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், யார் கண்ணிலும் படலாம் என்பது மர்மத்துக்குக் கிடைத்த பரிசு. செல்போன் டவர் காட்டுவது ஒரு வட்டாரத்தை. வயல்வெளியில் அந்த வட்டாரத்துக்குள் பல கிராமம் அடங்கும்.

துணைப் பாத்திரங்கள்தான் எழுதுகிறவரை அதிகம் மயக்குகிறவர்கள். பாட்டி, பூக்காரம்மா, ஆட்டோக்காரர். இவர்களிடம் அபாயம் இல்லாததால் எழுத எளிது, அதனால் பக்கம் பெருகும். ஒரு பாத்திரம் இப்படி வளர்ந்தால், அவருக்கு நாயகியைத் தடுக்கிற ஓர் ஆசையைக் கொடுங்கள்: பாட்டிக்கு அந்த நிலத்தை விற்க வேண்டும், நாயகிக்கு விற்கக் கூடாது. கொடுக்க முடியாவிட்டால் வெட்டி எடுத்து வேறு கதைக்கு வைத்துக்கொள்ளலாம். பிடித்த பாத்திரத்தைக் கொல்வதென்றால், அவர் சாவினால் நாயகிக்கு ஒரு தகவல் கிடைக்கவோ தொலையவோ வேண்டும். வெறும் அதிர்ச்சிக்குக் கொன்றால் வாசகர் உங்கள்மேல்தான் கோபப்படுவார். எழுதி முடித்த பிறகு வரும் வெறுமையில் இரண்டாம் பாகம் தொடங்குவதும் வழக்கம்; பிரதியை நான்கு வாரம் மூடி வைத்துவிட்டு, உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல ஒரு புதுச் சந்தேகம் இருந்தால் மட்டுமே இரண்டாம் பாகம்.

கடைசியாகப் பத்திரிகைகளிடம் ஒரு கோரிக்கை. தொடராக வரும்போது, 'அவனைக் கொன்றுவிடாதீர்கள்' என்று வாசகர் கடிதங்கள் குவியும். எழுதுகிறவரும் அதே ஆசையில்தான் இருப்பார். இரண்டும் சேர்ந்து முடிவை மாற்றிவிடும். புதிய தொடருக்கு ஒப்பந்தம் போடும்போது முதல் மூன்று அத்தியாயத்தோடு கடைசி மூன்றையும் வாங்கி அலுவலகத்தில் பூட்டி வையுங்கள். நடுவில் எவ்வளவு மாற்றினாலும், அந்த மூன்றில் கை வைக்க ஆசிரியர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
மாத நாவல்களுக்குச் செம்மை பார்க்கும் ஒருவர்,
கும்பகோணம்