ஆண்டறிக்கை: சென்ற ஆடி முதல் இந்த ஆனி வரை

இணையத்தில் கார்ப் பந்தய மேலாளர் விளையாட்டு ஆடும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கொழிஞ்சாம்பாறை வாசகசாலையின் இந்தப் பின்னறைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இதன் நகலை வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். முழுவதும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் இந்த அறையிலேயே பாயசம் வைத்தோம். புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள், இருவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். விளையாட்டின் படிநிலைகளில் நம்மில் மூன்று பேர் ரூக்கியிலிருந்து அமெச்சூருக்கு ஏறினார்கள், ஒருவர் அமெச்சூரிலிருந்து புரோவுக்கு ஏறினார். நால்வருக்கும் வாழ்த்துகள்.

ஆவணியில் வேன் எடுத்து, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் வந்தோம். நாராயண் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது கோயம்புத்தூர்க்காரர் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் நாம். ஆனாலும் வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் நிஜ ரேஸ் காரைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். எனக்கு அங்கே ஒரு காட்சி மனதில் நின்றது. ஓடி வந்து நின்ற காரின் முன்சக்கரத்தில் ஒரு மெக்கானிக் கேஜை வைத்தார், காற்றைக் கொஞ்சம் இறக்கினார், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாத டிரைவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு தொடையில் அட்டையை வைத்து, பென்சிலால் ஒரு வரி எழுதினார். கார் மறுபடி கிளம்பியது. திரும்பி வந்ததும் மறுபடி குனிந்தார், மறுபடி ஒரு வரி. மதியத்துக்குள் அந்த அட்டை நிறைந்துவிட்டது. விளையாட்டில் காருக்குக் கொடுக்கும் எண்களை எழுதி வைக்கும் நம் செட்டப் பதிவேட்டை ஆரம்பிக்கும் எண்ணம் அங்கேதான் வந்தது. இந்த ஆண்டில் நான் சங்கத்துக்குச் செய்த வேலை என்று சொன்னால் அதுதான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. ஜி.பி.ஆர்.ஓ. என்று நாம் சொல்லும் கிராண்ட் பிரி ரேசிங் ஆன்லைனில் ஸ்டீயரிங் நம் கையில் இல்லை. நாம் மேலாளர்கள். டிரைவரைத் தேர்ந்தெடுப்பது, காரின் பதினோரு பாகங்களைக் கவனிப்பது, டயர், பெட்ரோல், செட்டப் இவற்றை முன்கூட்டியே கொடுத்து வைப்பது, இவ்வளவுதான் நம் வேலை. செவ்வாயும் வெள்ளியும் பந்தயம். ஐரோப்பிய நேரம் இரவு எட்டு மணி என்பதால் நமக்கு வெயில் காலத்தில் பதினொன்றரை, குளிர் காலத்தில் பன்னிரண்டரை ஆகிவிடும். பந்தயம் தொடங்கிய பிறகு யாரும் எதையும் தொட முடியாது, உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். விளையாட்டில் ஒரு குழுவில் நாற்பது மேலாளர்கள், ஒரு சீசனுக்குப் பதினேழு பந்தயங்கள்.

செட்டப் என்பது ஆறு எண்கள். முன் விங், பின் விங் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள்), இன்ஜின், பிரேக், கியர், சஸ்பென்ஷன். ஒவ்வொன்றும் 999 வரை போகலாம். சரியான எண் எது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்காது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் எட்டு பிராக்டிஸ் லேப் ஓட்டலாம். லேப் முடிந்ததும் டிரைவர் பேசுவார். வளைவுகளில் பிடிமானம் போதவில்லை என்றால் விங் குறைவு, நேர்ப்பாதையில் வேகம் வரவில்லை என்றால் விங் அதிகம். இன்ஜின், பிரேக், கியர், சஸ்பென்ஷன் ஒவ்வொன்றுக்கும் இப்படியே தனித்தனியாகச் சொல்லுவார். சொல்லும் விதத்தில் மூன்று படி உண்டு: கொஞ்சம், அதிகம், மிக அதிகம். ஒன்றைப் பற்றி அவர் பேசவே இல்லை என்றால் அதில் அவருக்குத் திருப்தி.

இந்தத் திருப்தியில்தான் நம் ஆட்கள் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். டிரைவர் வாயை மூடிவிட்டார், சரி, போதும் என்று லாக்அவுட் செய்துவிடுகிறார்கள். அவர் பேசாமல் இருக்கும் இடம் ஒரு புள்ளி கிடையாது, அகலமான ஒரு பட்டை. அனுபவமும் தொழில்நுட்ப அறிவும் கூடிய டிரைவருக்குப் பட்டை ஒடுங்கி இருக்கும், புதிய டிரைவருக்கு அகன்று இருக்கும். நமக்கு வேண்டியது அதன் நடு. இரண்டு ஓரத்தையும் தொட்டுப் பார்க்காமல் நடு எங்கே என்று தெரியாது.

எருத்தேம்பதியிலிருந்து வரும் பிளஸ் டூ மாணவி இதை அழகாகச் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விங் 610 இல் பிடிமானம் கொஞ்சம் குறைவு என்றார் டிரைவர். 640 இல் பேச்சில்லை. மாணவி அங்கே நிறுத்தாமல் 720 போட்டார், அங்கேயும் பேச்சில்லை. 750 போட்டதும் நேர்ப்பாதையில் வேகம் கொஞ்சம் குறைவு என்று வந்தது. 610க்கும் 750க்கும் நடு 680. ஒரே லேப்பில் மற்ற எண்களையும் சேர்த்து நகர்த்திக்கொண்டே வந்ததால் ஆறாவது லேப்பில் எல்லாவற்றுக்கும் நடு கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த இரண்டு லேப்பில் முன் விங்கை 20 கூட்டி, பின் விங்கை 20 குறைத்து, அப்புறம் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார். விங் மொத்தம் எவ்வளவு என்பதற்குத்தான் டிரைவர் குறை சொல்லுவார். முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு எப்படி என்பதைக் கடிகாரம்தான் சொல்லும். அதிலும் டிரைவர் செய்த தவறுக்கான நேரத்தைக் கழித்து வரும் நிகர நேரத்தைப் பார்க்க வேண்டும். மாணவி அதைத்தான் பார்த்தார். எட்டு வரிகளையும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.

பதிவேட்டில் பத்துப் பத்தி போட்டிருக்கிறேன். தடம், வெப்பநிலை, ஈரப்பதம், ஆறு எண்கள், டிரைவர் சொன்னது. எதிர்ப் பக்கத்தில் டிரைவரின் திறன்களும், கார் பாகங்களின் லெவலும் தேய்மானமும். இது தேவையா என்று ஒரு பேச்சு நம்மிடையே வந்தது. கணக்குப் போட்டு எண்ணைத் தரும் கருவிகள் இருக்கும்போது கோடு போட்ட நோட்டு எதற்கு என்று கேட்டார்கள். பொதுக்குழுவில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒருவருடைய எண் இன்னொருவருக்குப் பொருந்தாது. பாகத்தின் லெவல் மாறினால் செட்டப் மாறும், தேய்ந்தாலும் மாறும், டிரைவர் மாறினால் மாறும். ஆனால் ஒரு நிலைமையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எண் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்பதை நாம் பகிர்ந்துகொள்ளலாம். காய்ந்த தடத்தில் வெப்பநிலை ஏற ஏற விங்கும் பிரேக்கும் கூட வேண்டும், இன்ஜினும் கியரும் சஸ்பென்ஷனும் குறைய வேண்டும் என்பதை நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நம் நோட்டின் வரிகளே காட்டின. பிராக்டிஸும் முதல் குவாலிபையிங்கும் (பந்தயத்தில் கிளம்பும் இடத்தைத் தீர்மானிக்கும் சுற்று) ஒரே வானிலையில் நடக்கும். இரண்டாவது குவாலிபையிங் வேறு வானிலை, பந்தயத்தின் தொடக்கமும் அதுவே. பந்தயத்துக்கு அரை மணிக்கு ஒன்றாக நான்கு முன்னறிவிப்பு தருகிறார்கள். 18 டிகிரியில் கண்டுபிடித்த எண்ணை 31 டிகிரிப் பந்தயத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டு, கார் ஓடவில்லை என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு. நான்கு முன்னறிவிப்பின் சராசரியை எடுத்து அதற்கு நகர்த்த வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது என்றால், அது இந்த நோட்டு செய்த வேலை. கருவி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், ஏன் அந்த எண் என்று சொல்லாது. வேண்டியவர்கள் அதையும் பயன்படுத்தட்டும், நான் தடுக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை வாரத்தை இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் 1990 இல் திறந்த தடம் அது. அதற்கு முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மோன்சா, சுசூகா, ஸ்பா என்று உலகத் தடங்கள் வரிசையில் ஒரு தமிழ்நாட்டு ஊரின் பெயரும் இந்த விளையாட்டில் இருக்கிறது என்பதே நமக்குப் பெருமை. அந்த சீசனின் அட்டவணையில் அது வந்தபோது இந்த அறையில் நாற்காலி போதவில்லை. வேலந்தாவளத்திலிருந்தும் ஒழலப்பதியிலிருந்தும், எல்லைக்கு அந்தப்பக்கம் கோபாலபுரத்திலிருந்தும் வந்தார்கள். மொத்தம் பதினான்கு பேர், ஆளுக்கு எட்டு லேப், ஒரே மாலையில் 112 வரிகள். ஒருவர் படிக்க ஒருவர் எழுத, நோட்டின் நான்கு பக்கம் நிறைந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் தத்தம் குழுவில் முதல் பத்துக்குள் வந்தார்கள். எல்லோரும் வந்து எல்லாவற்றையும் எழுதினால் என்ன நடக்கும் என்று அன்று கண்ணால் பார்த்தோம்.

அடுத்த பந்தயத்துக்கு மூன்று பேர் வந்தோம்.

இதை மனத்தாங்கலாகவே சொல்கிறேன். திங்களும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு இந்த அறையைத் திறப்பது நான். ஆடிக்காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளும் நாட்களிலும் திறந்தேன், ஐப்பசியின் துலாமழையிலும் திறந்தேன். என் வீட்டில் ஒரு விசேஷம் இருந்த நாளில்கூடச் சாவியை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். அப்படியும் சராசரியாக ஐந்து பேர்தான் வருகிறார்கள். வராததுகூடப் பரவாயில்லை, அவரவருக்கு வேலை இருக்கும். ஆனால் பந்தய நாளில் கடைசி நேரத்தில் போன் வருகிறது: “செக்ரட்டரி, நம்பர் மட்டும் சொல்லுங்க.” சொல்கிறேன். எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் எட்டு லேப்பில் என்ன நடந்தது என்று மறுநாள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஒரு சீசனின் பதினேழு பந்தயங்களில் ஓர் உறுப்பினரின் பெயர் பதிவேட்டில் இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. அவர் என்னைக் கூப்பிடாத பந்தய இரவு அநேகமாக இல்லை. பெயர் சொல்ல மாட்டேன். அவர் நல்ல ஆட்டக்காரர். அவருடைய வரிகள் நோட்டில் இருந்தால் புதியவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சரியாக வராத லேப்பை எழுத வெட்கப்படுகிறார்கள். டிரைவர் குறை சொன்ன வரிதான் நமக்கு ஓரத்தைக் காட்டுகிறது. நடு எண்ணை மட்டும் எழுதிய பக்கங்களை வைத்துக்கொண்டு அடுத்தவர் ஒன்றும் செய்ய முடியாது. ஈரத் தடத்துக்கான பக்கங்கள் இன்னும் மோசம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. ஈரத்தில் விங் ஏறும், சஸ்பென்ஷன் நன்றாக இறங்கும் என்பதோடு நம் அறிவு நின்றுவிட்டது. எவ்வளவு என்று கேட்டால் நோட்டில் பதில் இல்லை. மழைப் பந்தயத்தில் பின்தங்கியவர்கள் கோபத்தில் எழுதாமல் விட்டதுதான் காரணம்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கரண்ட் போய், மூன்று பேர் பந்தயச் செட்டப்பைக் கொடுக்க முடியாமல் போனது. அதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்பது மணிக்குள் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தயவுசெய்து கடைப்பிடியுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வாசகசாலைக்குக் கொடுக்கும் சிறு வாடகை, வைஃபை, டீ, செட்டிப்பாளையம் வேன், இவைதான் முக்கியச் செலவுகள். வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன, கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாதச் சந்தா நூறு ரூபாய். பதினோரு பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் நான்கு பேருக்கு ஒரு வருடம் முழுவதும் பாக்கி. வேன் பணத்தில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன், இன்னும் திரும்பி வரவில்லை. அவசரம் இல்லை, ஆனால் கணக்கில் இருக்கட்டும் என்று குறிப்பிடுகிறேன்.

இந்த அறையைத் தந்த வாசகசாலை நிர்வாகிகளுக்கும், ராத்திரி வெகுநேரம் வரை விளக்கு எரிவதைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், டீ போட்டுத் தந்த அக்காவுக்கும், பழைய லேப்டாப்பைக் கொடுத்த உறுப்பினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. தலைவர் எப்போது கூப்பிட்டாலும் வந்தார். அவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. செயலாளர் பொறுப்பில் நான் இருப்பது இது மூன்றாவது ஆண்டு. வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன், எல்லாவற்றையும் கூட இருந்து சொல்லியும் தருவேன். யாரும் வரவில்லை என்றால் நானே தொடர்கிறேன். ஆனால் சாவி மட்டும் இனி என் ஒருவனிடம் இருக்கக் கூடாது. திங்களுக்கு ஒருவர், வியாழனுக்கு ஒருவர் என்று பொறுப்பேற்க வேண்டும். எருத்தேம்பதி மாணவி வியாழனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பரீட்சை இருக்கும் பிள்ளை ஒப்புக்கொண்டிருக்கிறது. திங்களுக்கு ஒரு பெயர் இந்தக் கூட்டம் முடிவதற்குள் வேண்டும்.

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இருநூறு பக்கத்தில் புதியது ஒன்று வாங்கி, முதல் இருபது பக்கத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கடைசி நாற்பது பக்கத்தை ஈரத் தடத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். பேனாவை நூலில் கட்டி மேசை ஓரத்தில் விட்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு அறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்