காரிமங்கலத்தில் ஒரு மிஸ்டு கால்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு,

வணக்கம். என் அப்பா உங்களில் மூன்று பேரிடம் மாறி மாறி 31 வருஷம் லாரி ஓட்டினார். போன தை மாதம், ட்ரிப் முடிந்து வந்த மறுநாள் காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். வயது 55. மாரடைப்பு என்றார்கள். ரோட்டில் போகாமல் வீட்டில் போனாரே என்று ஊரே ஆறுதல் சொன்னது. டிரைவர் வீடுகளில் அது பெரிய ஆறுதல்தான்.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். வீட்டில் ஒரு ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு. மழை வந்தால் கடலை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அதனால்தான் அப்பா 24 வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதலில் பாலக்கோடு மண்டியிலிருந்து மதுரைக்குத் தக்காளி. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி லோடு. அப்புறம் நாசிக் லைன். போகும்போது கிடைத்த லோடு, வரும்போது வெங்காயம்.

வீட்டுக்கு வந்தால் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கேட்பார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கட்டிலில் தூக்கம் வராது, வாசலில் பாயைப் போட்டுக்கொள்வார். தூங்கும்போது அவருடைய இடது கால் மட்டும் அமுங்கி அமுங்கி எழும். கிளட்ச். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த முழங்காலின் மேல் கையை வைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் கால் அடங்கும். எனக்குக் காது குத்திய போட்டோவில் அப்பா இல்லை. மாமா மடியில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். அந்தப் போட்டோவைத்தான் அவர் 31 வருஷத்தின் பாதி நாள் வண்டியில், முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவரோடு ஒரு கிளீனர் அண்ணன் போவார். தார்ப்பாய் கட்ட, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போட, ரிவர்ஸ் எடுக்கும்போது தட்டிச் சொல்ல. எல்லாவற்றையும்விட, ராத்திரியில் பேச்சுக்கு ஆள். பிறகு அவருக்குக் கொடுக்கும் தினப்படியை மிச்சம் பிடிக்க அண்ணனை நிறுத்திவிட்டார்கள். வெளி மாநிலங்களுக்கும் ஓடும் நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அது இருந்த காலத்திலேயே அப்பா ஒற்றை ஆளாகத்தான் போனார். 2018இல் அந்த விதியையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டாவது டிரைவர் நான்தான். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

நாசிக்கிலிருந்து சேலத்துக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வரும்போது மூன்று நாள் தூக்கம் கண்ணில் நிற்கும். காரிமங்கலத்தில் ஒரு மிஸ்டு கால் வரும். மணி ஒன்றரை, இரண்டு இருக்கும். அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம் மாதிரிதான், ஆனால் திரும்ப நேரம் கிடையாது. விடிவதற்குள் மண்டியில் லோடு நிற்க வேண்டும். நான் திரும்பக் கூப்பிட்டு, சமூக அறிவியல் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். நடுவில் "கேக்குறீங்களாப்பா?" என்று நிறுத்துவேன். "சொல்லு கண்ணு" என்பார். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் எனக்கு வயிறு கலங்கும். வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கண் சொருகுவதற்கு வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

பாளையம்புதூர் டோல்கேட் வந்ததும், "கணவாய் வந்துடுச்சு, வெச்சுடு" என்பார். தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடாக்கி, கடைசியில் பிடிக்காமல் போய் முன்னால் போகும் கார்களின் மேல் ஏறிய வண்டிகள் எத்தனை! அப்பா ஒரு நாளும் நியூட்ரலில் விட்டதில்லை. மைலேஜ் ஏன் குறைகிறது என்று ஒரு முதலாளி கேட்டபோதும், கியரில்தான் இறங்குவேன், வேண்டுமானால் படியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். பிடித்துக்கொண்டார்கள்.

கீழே போனதும் இன்னொரு மிஸ்டு கால். இறங்கியாச்சு என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் நானும் அம்மாவும் படுப்போம்.

2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. ஆனால் ஐந்து தொழிலாளிகளாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உங்களில் பலரை அது தொட்டதே இல்லை. அதனால்தான் இதை அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்றார்கள். நல்லது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் குளிர்ந்த கேபினிலும் மூன்று நாள் தூக்கம் தூக்கம்தான்.

டீசல், டயர், டோல், இன்சூரன்ஸ், மாதா மாதம் டியூ எல்லாம் எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் டிரைவராக இருந்து லாரி வாங்கியவர்கள் என்பதும் தெரியும். அந்த நாட்களை நினைத்துப் பார்த்து, ஒரு ராத்திரிக்கு மேல் ஓடும் லைனுக்கு இரண்டு டிரைவர் போடுங்கள். முடியவே முடியாது என்றால், விடிவதற்குள் வந்து சேர் என்று சொல்லாதீர்கள். கணவாய்க்கு முன்னால் ஆறு மணி நேரம் வண்டியை ஓரம் கட்டித் தூங்கச் சொல்லுங்கள். "எங்கே இருக்கே?" என்று அந்த ஆறு மணி நேரத்தில் போன் போடாதீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இப்போது அதே நாசிக் லைன் போகிறான், ஒற்றை ஆளாக. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம் அவன் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்டாள்: "அக்கா, ராத்திரியில அவரு தூங்காம இருக்க நீங்க அப்பாகிட்ட என்னத்தப் பேசுவீங்க?"

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவரின் மகள்,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.