கொட்டான் பழக ஏன் மூன்று நாள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தை மாதத்திலிருந்து எங்கள் கூடத்தில் ஓலைக்கொட்டான் வகுப்பு, அதாவது பனையோலையில் சின்னக் கூடை பின்னும் வகுப்பு, மூன்று காலை நடக்கிறது. முன்பு ஒரு மணி நேரம்தான். போன வாரம் மதுரையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா, "ஒண்ணு பின்னிக் கையோடு கொண்டு போகலாம்னுதானே வந்தோம்" என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு மணி நேர வகுப்புக்கு ஓலையை வகிர்ந்து, சாயம் ஏற்றிக் காயவைத்து, அடிப்பாகத்தையும் முந்தின நாளே பின்னி வைத்துவிடுவோம். வந்தவர்கள் மேலே நாலைந்து சுற்று ஓட்டுவார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் கொட்டான் இருக்கும். தனியாக இன்னொன்று பின்னத் தெரியாது. அதற்குக் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது முதல் நாள் முழுக்க ஓலைதான். பனங்குருத்தில் ஈர்க்கை நீக்கி ஒரே அகலத்தில் வகிர வேண்டும். ஓர் இழை நூலளவு கூடினாலும் கொட்டான் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டாம் நாள் அடி பின்னி மூலை திருப்புவது. படுத்திருக்கும் பின்னலை நாலு மூலையிலும் நிமிர்த்தும் இடம் அது. இழுத்தால் ஓலை கிழியும், விட்டால் ஓட்டை விழும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் மூன்று முறை பிரித்துப் பின்னுவார்கள். பிரிக்கப் பிரிக்கத்தான் கை பழகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் விளிம்பு மடித்து முடிப்பது.

ஒரு காலத்தில் இதை வீட்டு முற்றத்து வளவில் உட்கார்ந்து செட்டிநாட்டு ஆச்சிமார் மகளின் சீருக்காகப் பின்னினார்கள். பாசி கோத்து, குரோஷா உறை போட்ட பழைய கொட்டான்கள் இன்னும் சில வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. இன்று எங்களிடம் கற்றுத்தருகிறவர்கள் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள். வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒவ்வொருவர் விரலையும் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்த அவ்வளவு பேர்தான் முடியும்.

கல்யாண ஆர்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாம்பூலத்துக்கு இருநூறு கொட்டான் பத்தே நாளில் வேண்டும் என்று கேட்கிறீர்கள். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அப்படி ஓர் ஆர்டரை ஒப்புக்கொண்டோம். சாயம் போட்ட ஓலை உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பூஞ்சை பிடித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், ஆனால் அந்த வீட்டாருக்கு நேர்ந்த தவிப்பை எதைக் கொடுத்துத் தீர்ப்பது? அதனால் இனி ஒன்றரை மாதம் முன்னதாகச் சொன்னால்தான் எடுப்போம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓலை வேலையே கிடையாது.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் வகுப்பு உண்டா என்று பலர் கேட்கிறீர்கள். கூடத்தில் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை ஆத்தங்குடியிலேயே ஒரு பட்டறைக்குக் கூட்டிப்போகிறோம். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்குகிறபோது பூ அப்படியே நிற்கும். அதைப் பார்க்கும்போது பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது. பிறகு சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும். கல்லுக்கு அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. நீங்கள் செய்த கல் அன்றைக்கே கைக்கு வராது. காய்ந்ததும் பார்சலில் அனுப்பிவைப்போம்.

அப்புறம் கண்காட்சி. பட்டாலை என்கிற முன்மண்டபத்தில் இப்போது இந்தப் பக்கத்துப் பருத்திச் சேலையான கண்டாங்கிகளை வைத்திருக்கிறோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர் பரவியிருக்கிறது, ஆனால் கட்டமும் அகலக் கரையும் போட்ட எதையும் கண்டாங்கி என்று விற்கிறார்கள். கைத்தறிக் கண்டாங்கியைத் தொட்டுப் பாருங்கள், துணியின் கனத்திலேயே தெரியும். ஒவ்வொரு சேலைக்கும் பக்கத்தில் நெய்தவர் பெயர் எழுதிய அட்டை இருக்கும். விலை அவர் வைத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மீதி முழுவதும் அவருக்கு. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். நீங்கள் குறைப்பது அவருடைய கூலியில்தான் குறையும். விற்ற சேலையும் கண்காட்சி முடியும்வரை இங்கேயே தொங்கும். பின்னால் வருகிறவர்களும் பார்க்க வேண்டுமல்லவா?

பங்குனி வகுப்புக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டோம். மதுரை அம்மாவுக்கும் மகளுக்கும் இரண்டு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்த மடல் அவர் கைக்குக் கிடைத்தால், வர வசதிப்படும் நாளை மட்டும் சொல்லியனுப்பட்டும்.

அன்புடன்,
கைவினைக் கூடத்தார்
காரைக்குடி