வரைபடத்தில் 1 மீட்டர், மண்ணில் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கனரக வண்டிகளால் நிலத்தடிக் குழாய்கள் உடைவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் பழி முழுவதையும் வண்டியின் மொத்த எடை மேலேயே போட்டுவிட்டார்கள். குழாய்ப் பாதைகளில் அளவீட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழாய்க்கு மேலே இன்றைக்கு எவ்வளவு மண் கிடக்கிறது என்று அளக்காமல், வண்டி எத்தனை டன் என்று மட்டும் பேசிப் பயனில்லை.

40 டன் லாரி என்றாலும் அந்த 40 டன்னும் குழாயின் ஒரே இடத்தில் இறங்குவதில்லை. தலைக்கு மேல் நிற்கும் சக்கரம், கொஞ்சம் தள்ளி நிற்கும் மற்ற சக்கரங்கள், இவற்றின் சுமைதான் அங்கே வரும். அதுவும் மண்ணுக்குள் போகப் போகப் பரவி மெலிந்துவிடும். எவ்வளவு மெலியும் என்பதற்கு பூசினெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 1885-இல் தந்த சூத்திரத்தை வைத்துத்தான் இன்றும் முதல் கணக்குப் போடுகிறோம். அதன்படி, ஆழம் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. 5 டன் சுமக்கும் ஒரு சக்கரத்துக்கு நேர் கீழே 1 மீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 2.4 டன் வரும். 60 சென்டிமீட்டரில் அதுவே 6.6 டன். 2 மீட்டருக்குப் போய்விட்டால் 0.6 டன்தான். அங்கே சக்கரத்தைவிட மேலே கிடக்கும் மண்ணின் எடை ஏறக்குறைய ஆறு மடங்கு இருக்கும்.

இதனால்தான் குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பி வண்டியை விடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் போன ஓர் இடத்தில் வரைபடம் 1 மீட்டர் என்றது. கையால் குழி தோண்டிப் பார்த்தால் 60 சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. குழாய் பதித்த நாளில் 1 மீட்டர் இருந்திருக்கலாம். அப்புறம் மழை அரித்திருக்கும், யாராவது நிலத்தைச் சமப்படுத்தியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டித் தடமே மண்ணைத் தின்னும். 60 சென்டிமீட்டர் மண்ணில் 20 சென்டிமீட்டர் பள்ளமாகத் தடம் விழுந்தால், அடுத்து வரும் அதே வண்டி குழாயை இரண்டே கால் மடங்கு அழுத்தும். தடம் ஆழமாக ஆழமாக அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் தற்காலிகப் பாதை போட்டு டிப்பரையும் கிரேனையும் நாள் முழுக்க ஓட்டும்போது, இதைத் தினமும் யாராவது பார்க்க வேண்டாமா?

சரி, கணக்கு இருக்கும்போது அளவீடு எதற்கு? அந்தச் சூத்திரம் ஒரே சீரான மண்ணையும் ஒரு புள்ளியில் இறங்கும் சுமையையும் வைத்து எழுதப்பட்டது. தோண்டி மூடிய பள்ளத்து மண் அப்படி இருக்காது. அதனால் குழாயின் உச்சியிலும் பக்கங்களிலும் அடியிலும் ஸ்ட்ரெய்ன் கேஜ், அதாவது குழாய்ச் சுவர் எவ்வளவு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்று காட்டும் சிறு உணரி, ஒட்டுவோம், சுற்றுவாக்கில் ஒன்று, நீளவாக்கில் ஒன்று. குழாய் எவ்வளவு நசுங்கி நீள்வட்டமாகிறது என்று உள்ளே விட்டம் அளப்போம். மண் அழுத்தமானியும் புதைப்பதுண்டு. ஆனால் அதன் விறைப்பு மண்ணின் விறைப்போடு ஒத்துப்போகாது, அதைப் புதைக்கும்போது மண்ணும் கலைந்துவிடும். எனவே அதன் எண்ணை நான் தனியாக நம்பமாட்டேன். வண்டியின் ஒவ்வொரு அச்சையும் எடைபோட்டு, நிறுத்தி ஒருமுறை, நடைவேகத்தில் ஒருமுறை, வேகமாக ஒருமுறை ஓட்டுவோம்.

எல்லோரும் பார்ப்பது வண்டி மேலே நிற்கும்போது வரும் பெரிய எண்ணை. நான் முதலில் பார்ப்பது வண்டி போன பிறகு வரும் எண்ணை. வெப்பநிலையால் வரும் மாற்றத்தைக் கழித்த பிறகும் அது பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால், குழாயோ சுற்றியுள்ள மண்ணோ பழைய நிலைக்கு வரவில்லை என்று பொருள். ஒருமுறை போனதில் மிச்சம் நிற்பது கொஞ்சமாகத்தான் இருக்கும். அது ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடிக்கொண்டே போனால் அங்கே சோதனையை நிறுத்திவிட வேண்டும். மண் நனைந்த பிறகும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். பலர் காய்ந்த நாளில் அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

குழாயின் வகையும் முக்கியம். பி.வி.சி., பாலிஎத்திலீன் குழாய்கள் வளைந்து கொடுத்து, சுமையில் ஒரு பங்கைப் பக்கத்து மண்ணுக்குத் தள்ளும். பக்கத்து மண் இறுக்கமாக இருந்தால்தான் அது நடக்கும். கான்கிரீட்டும் சுட்ட மண் குழாயும் வளையாது, நேரே விரிசல் விடும். எஃகுக் குழாய்க்கு உள்ளழுத்தம் வட்டம் குலையாமல் இருக்க உதவும், ஆனால் அந்த அழுத்தம் தரும் இழுவிசையோடு சக்கரம் தருவதும் சேர்ந்துகொள்ளும். சாலையைக் கடக்கும் எஃகுக் குழாய்களுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 1102 என்ற பரிந்துரை, ஓடும் வண்டியின் அதிர்ச்சிக்காகச் சுமையை 1.5 மடங்காக எடுக்கச் சொல்கிறது. 1.5 மீட்டருக்குக் கீழே போகப் போக அந்த மடங்கு குறையும்.

இனி இப்படி ஒரு குழாய் உடைந்த செய்தியை வெளியிடும்போது, வண்டியின் எடையோடு அதன் சக்கரச் சுமையையும் உடைந்த இடத்தில் இருந்த மண்ணின் ஆழத்தையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டுப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆழம் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னதா, அளந்து சொன்னதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்