தொப்பூர் இறக்கமும் கடலடிச் சுரங்கமும்

ஸ்டாவங்கர், நார்வே

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கிருஷ்ணகிரியில் கல் லோடு ஏற்றி சேலம் பக்கம் ஓட்டுகிறாய் என்று அம்மா போனில் சொன்னதிலிருந்து வழியில் நீ இறங்க வேண்டிய தொப்பூர் கணவாய்தான் என் மனசில் நிற்கிறது.

இதுவும் மலை நாடு. மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மேலே தேக்கிய தண்ணீர் கீழே பாய்வதால் பிறக்கிறது. அடுப்பு, குளிர்கால ஹீட்டர், கார் எல்லாம் அதில்தான். எங்கள் ஊரை ஒட்டி ரீஃபில்கே சுரங்கச் சாலை, 2019 கடைசியில் திறந்தது. கடல் மட்டத்துக்கு 292 மீட்டர் கீழே இறங்கி அக்கரையில் ஏறும். 2 டன் கார் அவ்வளவு ஆழம் இறங்கினால் ஒன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படும். காற்றும் டயரும் தின்றது போக மிச்சத்தை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்குள் தள்ளும். பேட்டரி நிரம்பியிருந்தால், குளிரில் விறைத்திருந்தால் வாங்காது, பிரேக்தான் கதி. அதனால் மலை மேல் குடியிருப்பவர்கள் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காமல் இருப்பது நல்லது.

உன் வண்டியில் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆளில்லை. 40 டன் வண்டி 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 11 யூனிட். 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. பிரேக்கிலேயே பிடித்து இறங்கினால் அதில் பெரும்பகுதி சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள்தான் போகும். டிரம் சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் லைனரை விட்டு விலகும், லைனர் கருகிப் பிடிமானம் போகும். அப்புறம் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. சும்மா சும்மா மிதிக்க மிதிக்க, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கில் அழுத்தமும் குறையும்.

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறார்களே, அது பெரிய தப்பு. கியரில் இருக்க, ஆக்சிலேட்டரை விட்டால் இப்போதைய இன்ஜின்கள் டீசலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும், அந்த இழுவையே வேகத்தைப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை, ஐடிலுக்கு டீசலும் செலவாகும். இன்ஜினையே அணைத்தால் கம்ப்ரஸர் நின்று டேங்குக்குக் காற்று வராது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வா. பாதி இறக்கத்தில் மாற்றப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வாய். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு விடு. காலை பிரேக்கிலேயே வைத்துத் தேய்க்காதே. இறக்கத்துக்கு என்று நீ வைத்த வேகத்தை வண்டி தொட்டதும் அழுத்தமாக மூன்று நொடி பிடி, எட்டு கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் முழுசாக விடு. மறுபடி அந்த வேகம் வந்தால் மறுபடி பிடி. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. அதை மட்டும் மறக்காதே.

லைனர் கருகும் வாடை வந்தால் சமதளம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போடு. கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக் போடாதே, தண்ணீரும் ஊற்றாதே, விரிசல் விட்டுவிடும். தானாக ஆறட்டும், லோடு தாமதமானால் ஆகட்டும். தருமபுரி தாண்டுமுன் நிறுத்தி ஏர் மீட்டரையும் லைனருக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை எல்லாச் சக்கரத்திலும் பார்த்துவிடு. ஒரு சக்கரத்தின் பிரேக் லூசாக இருந்தால் அதன் பங்குச் சூடும் மற்றவற்றின் மேல்தான் ஏறும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு.

அக்கா