எந்த நகை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனில் நம் கல்யாணங்களில் பட்டுக்கும் நகைக்கும் குறைவில்லை. ஆனால் பெண்ணை அலங்கரிக்கும் இளையவர்கள் பலருக்கு எதை எங்கே பூட்டுவது என்று தெரியவில்லை. வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியப் பிறை, இடப்பக்கம் சந்திரப் பிறை. பின்னந்தலையில் ராக்கொடி, அதன் கீழே பின்னல் நெடுக ஜடைநாகம். வங்கி என்னும் கை நகை முழங்கைக்கு மேலே இறுக்கமாக உட்கார வேண்டும். வளையல் மாதிரி மணிக்கட்டில் தொங்கவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

வாரம் ஒரு நகையைப் படத்தோடும் பெயரோடும் பூட்டும் முறையோடும் வெளியிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் போடுங்கள். அப்புறம், மாப்பிள்ளைகளுக்கு வேட்டி கட்டும் முறையும் வேண்டும். புரட்டாசி விரதம் முடிந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதற்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா